சைவப் பூனை

லட்சுமியம்மாள் வளர்த்த பூனை கறி தின்னாது. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் அந்தத் தெருவுக்கே இது தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும், தண்ணீர்க் குழாயடியிலும் பூக்காரியிடமும் மாவு மில்லிலும் லட்சுமியம்மாளே சொல்லி வைத்திருந்தாளே.

பூனைக்குப் பெயர் பெள்ளி. அவர்கள் வீட்டுக் கன்னடத்தில் வெள்ளிக்கு அப்படித்தான் சொல்வது. சாம்பலும் வெள்ளையும் கலந்த நிறம். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் அவள் புருஷன் மாதப்பன், தான் ஸ்டோர்ஸ் பார்க்கும் கம்பெனியில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே கத்திக்கொண்டு கிடந்த குட்டியைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக் கம்பெனி பஸ்ஸிலேயே கொண்டுவந்தார். மகள் ஜெயப்ரியா கல்யாணமாகி மைசூர் போய் ஆறு மாதம் ஆகியிருந்த சமயம். பேசுவதற்கு ஆளில்லாமல் மிக்சியிடமும் குக்கரிடமும் பேசிக்கொண்டிருந்தாள் லட்சுமியம்மாள். பஞ்சைப் பாலில் நனைத்து அதன் வாயில் வைத்தவள், அன்றைக்கே அதற்குத் தாயாகிவிட்டாள்.

இருவருக்கும் சொந்த ஊர் கர்நாடக எல்லையிலுள்ள தளிக்கு அந்தப் பக்கம். தலைமுறை தலைமுறையாகச் சைவக் குடும்பம். முட்டைகூட வாசல்படி தாண்டியதில்லை. பூனைக்கும் அதே சாப்பாடுதான். காலையில் பால், மதியம் குழைய மசித்த தயிர்சோறு, மாலையில் நெய் விட்ட பருப்பு, வெள்ளிக்கிழமையானால் கொஞ்சம் பன்னீர். அவர்களுடையது மாடி வீடு, கீழே ரோட்டில் லாரிகள் ஓயாமல் போகும். பக்கத்து வீட்டுப் பூனை ஒன்று அடிபட்டுச் செத்ததைப் பார்த்துவிட்டு, மாதப்பன் ஜன்னலுக்கும் பால்கனிக்கும் கம்பி வலை அடித்துவிட்டார். அதனால் பெள்ளி எலியைக் கண்டதில்லை. தப்பித் தவறி வீட்டுக்குள் வரும் பல்லியையும் லட்சுமியம்மாள் விளக்குமாற்றால் முதலிலேயே வெளியேற்றிவிடுவாள்.

பூனையும் நன்றாகத்தான் வளர்ந்தது. முடி பளபளவென்று இருக்கும். தாவினால் ஃபிரிட்ஜ் மேல்தான் போய் நிற்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் தன் சமையலுக்கே யாரோ பட்டயம் எழுதிக் கொடுத்த மாதிரி அவளுக்குப் பூரிப்பாக இருக்கும்.

கார்த்திகை மாதம் பெள்ளி முதல்முறையாக நாற்காலிக் காலில் முட்டிக்கொண்டது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தாள். மறுநாள் கதவு நிலையில் முட்டியது. அடுத்த வாரம் ஃபிரிட்ஜ் மேல் தாவப் பார்த்துப் பாதியிலேயே விழுந்தது. பிறகு தாவவே இல்லை. நாலடி நடந்தால் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தால் விலா இரண்டும் துருத்தி போல ஏறி இறங்கும்.

"கண்ணுல ஏதோ கோளாறு," என்றார் மாதப்பன் ஒருநாள் மாலை. நூல் பந்து ஒன்றை அதன் முன்னால் உருட்டிவிட்டிருந்தார். பெள்ளி பந்தைப் பார்க்கவில்லை. பந்து போய்ச் சுவரில் மோதிய சத்தத்தைத்தான் திரும்பிப் பார்த்தது. "நாளைக்கு லீவு போடறேன். டாக்டர்கிட்டக் காட்டிடலாம்."

ஓசூரில் நாய், பூனைகளுக்கென்று கிளினிக் வைத்திருந்த டாக்டர் ரஞ்சிதா சின்ன வயசுக்காரி. பெள்ளியின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள், மார்பில் குழாய் வைத்துக் கேட்டாள், உள்ளே எடுத்துப் போய் ஸ்கேன் பண்ணினாள். வந்து உட்கார்ந்து, "என்னம்மா சாப்பாடு குடுக்கறீங்க?" என்று கேட்டாள்.

லட்சுமியம்மாள் ஒன்றுவிடாமல் சொன்னாள். நெய் விடுவதையும் பன்னீர் வெள்ளிக்கிழமை என்பதையும் சேர்த்துச் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த டாக்டரின் பேனா பாதியிலேயே நின்றுவிட்டது.

"கறி, மீன், முட்டை எதுவுமே இல்லையா?"

"எங்க வீட்ல கிடையாதுங்க. அதுவும் கேட்டதில்லை."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு மெதுவாக விளக்கினாள். "டாரின் அப்படின்னு ஒரு சத்தும்மா. நம்ம உடம்பு அதைத் தானே செஞ்சுக்கும். பருப்பு, பால் சாப்பிட்டாப் போதும், அதுல இருக்கிறதை வெச்சு உள்ளயே தயார் பண்ணிக்கும். நாய்கூட ஓரளவு சமாளிச்சுடும். பூனைக்கு அந்த வேலை சரியா வராது. கறியிலிருந்து, மீனிலிருந்துதான் எடுத்தாகணும். செடி கொடியில அது இல்லைன்னே சொல்லலாம். அது குறைஞ்சா கண்ணு போகும், இதயம் வீங்கும். இதுக்கு ரெண்டுமே ஆயிருக்கு."

"பால்ல இருக்குமேங்க?"

"இருக்கு. பத்தாது."

"அப்ப நான் போட்ட சோறுதான்..." என்று தொடங்கினாள் லட்சுமியம்மாள்.

டாக்டர் மழுப்பவில்லை. "தெரியாமப் பண்ணிட்டீங்க. போன பார்வை திரும்பாது. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தலாம். இதயம் பழையபடி ஆக நல்ல வாய்ப்பு இருக்கு. மருந்து தரேன், அந்தச் சத்தையும் பொடியாத் தரேன். ஆனா பொடிய மட்டும் வெச்சுக் காலம் தள்ள முடியாது. கறி குடுத்தே ஆகணும்." பிறகு பெள்ளியின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு ஒண்ணுதான் புரியலை. குட்டியிலிருந்து இதே சாப்பாடுன்னா இது எப்பவோ விழுந்திருக்கணும். இத்தனை நாள் நல்லா இருந்திருக்கே. வெளியில எங்கியாவது எலி, கிலி பிடிச்சுத் தின்னிருக்கும்."

"வெளிய விட்டதே இல்லைங்க," என்று மாதப்பன் வலை அடித்த கதையைச் சொன்னார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "அப்ப எங்களுக்கும் இந்தக் குறை இருக்குமாங்க?" என்று கேட்டார்.

டாக்டர் சிரித்தாள். "நான் மாட்டு டாக்டர், சார். மனுஷங்க சைவத்துலயே நல்லா இருக்கலாம். பருப்பு, கொள்ளு, கீரை, பால் எல்லாம் குறையாமப் பார்த்துக்கணும், அவ்வளவுதான். பி ட்வெல்வ் வைட்டமின் மட்டும் மனுஷ டாக்டர்கிட்ட ஒருதரம் டெஸ்ட் பண்ணிக்குங்க. அது செடியில கிடைக்காது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் லட்சுமியம்மாள் கூடையை மடியிலேயே வைத்திருந்தாள். மாதப்பன் ஏதோ சொல்லப் பார்த்தார். அவள் கை காட்டி நிறுத்திவிட்டாள். வேண்டுமென்றே செய்திருந்தால் யாரையாவது திட்டலாம். ஆசை ஆசையாக ஊட்டி ஊட்டிக் கெடுத்ததற்கு யாரைத் திட்டுவது?

டாக்டர் முதலில் பாக்கெட் தீனிதான் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தாள். அதிலும் எல்லாச் சத்தும் கலந்திருக்குமாம். லட்சுமியம்மாளுக்கும் அது தோதாகப் பட்டது. உள்ளே என்ன இருந்தாலும் கண்ணுக்குப் பிஸ்கட் மாதிரிதானே இருக்கிறது. ஆனால் பெள்ளி முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது. வேறொரு பாக்கெட் வாங்கினார்கள். அதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் மாலை மாதப்பன் வேலையிலிருந்து வந்ததும் சொன்னார்: "நான் போய்க் கறி வாங்கிட்டு வந்துடறேன். வேகவெக்கிறது எங்கேங்கிறதுதான் கேள்வி."

லட்சுமியம்மாள் அடுக்களையைப் பார்த்தாள். மாமியார் கையிலிருந்து வாங்கிய கல்சட்டி, சாமி படம், ஊதுவத்தி வாசம். அவளால் முடியாது என்று அவளுக்கே தெரிந்தது. அதேசமயம், பூனை விலா ஏறி இறங்க மூச்சு வாங்குவதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"கெம்பம்மாவைக் கேக்கறேன்," என்றாள்.

கெம்பம்மா எதிர்வீடு. நடைக்கு இந்தப் பக்கம் இவர்கள் கதவு, அந்தப் பக்கம் அவள் கதவு. புருஷன் கரியப்பன் குடோனில் மூட்டை ஏற்றுகிறவன். அவள் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். நாலு வருஷப் பழக்கம். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி தண்ணீர் பிடித்து வைப்பாள். பண்டிகைக்குப் பண்டிகை லட்சுமியம்மாள் வீட்டிலிருந்து பாயசமும் பலகாரமும் போகும். கெம்பம்மா பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தரும்போது அதில் பச்சைக் கடலையோ, ரெண்டு முழம் பூவோ இருக்கும். சமைத்தது ஒருநாளும் இருந்ததில்லை. லட்சுமியம்மாள் வேண்டாம் என்று சொன்னதுமில்லை, கெம்பம்மா கொடுத்துப் பார்த்ததுமில்லை. சொல்லாமலே இரண்டு பேருக்கும் தெரிந்த வழக்கம் அது.

கெம்பம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். லட்சுமியம்மாள் வாசலில் நிற்பதைப் பார்த்ததும், "உள்ள வாங்கக்கா," என்றாள். வழக்கமாக அங்கேயே நின்று பேசிவிட்டுப் போகிறவள், அன்றைக்கு உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னாள். கண் போனது, இதயம் வீங்கியது, கறி கொடுத்தே ஆக வேண்டும் என்றது.

"நீ ஆக்கிற அன்னிக்குக் கொஞ்சம் தனியா வேகவெச்சுக் குடுக்க முடியுமா கெம்பம்மா? கறி அவரு வாங்கிட்டு வந்து தந்துடுவாரு. என் அடுக்களையில..." என்று இழுத்தாள். கேட்கும்போதே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இந்த வீட்டுச் சோற்றை ஒருநாளும் வாங்காதவள், இன்றைக்குப் பூனைக்காக வந்து நிற்கிறாள்.

கெம்பம்மா துண்டால் முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் துண்டை மடியில் போட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"பெள்ளி கறி தின்னும்க்கா. நல்லாவே தின்னும்."

லட்சுமியம்மாளுக்குப் புரியவில்லை.

"நான்தான் குடுத்துட்டு இருந்தேன். குட்டியா இருந்தப்பவே. உங்க கிரில் கதவுக்கிட்ட வந்து உக்காந்து என்னையே பார்க்கும். சும்மா ஒரு துண்டு போட்டேன். லபக்குன்னு தின்னுடுச்சு. அப்புறம் அதுவே பழக்கமாப் போச்சு. நான் வர்ற நேரத்துக்கு அங்கதான் நிக்கும். கறி எடுத்த அன்னிக்குக் கறி, இல்லாட்டிக் கருவாடு, முட்டை. எங்க கம்பெனி கேன்டீன்ல புதன்கிழமை கோழி போடுவாங்க, அதுல ரெண்டு துண்டு பேப்பர்ல மடிச்சுக் கொண்டாந்துடுவேன். நீங்க உள்ள விளக்கு வெச்சுட்டு இருப்பீங்க."

லட்சுமியம்மாளுக்கு முதலில் சுருக்கென்றது. தன் வீட்டு வாசலில், தான் சாமி கும்பிடும் நேரத்தில். அந்தச் சுருக்கோடு சேர்ந்தே டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. எப்பவோ விழுந்திருக்க வேண்டிய பூனை, இத்தனை நாள் நல்லா இருந்திருக்கே.

"இப்பக் குடுக்கறது இல்லையா?"

"நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுக்கா. போன வருஷம் புரட்டாசிக்கு எங்க வீட்லயும் கறி எடுக்கலை. மாசம் முடிஞ்சதும் பழையபடி குடுக்கலாம்னுதான் இருந்தேன். அப்பத்தான் நீங்க குழாயடியில சொன்னீங்க. என்ன புண்ணியமோ, இந்த ஜீவன் ஒரு பாவமும் அறியாம நம்ம வீட்ல வளருதுன்னு. கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சொன்னீங்க. எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. ஒருத்தங்க புண்ணியத்தை நாம கெடுக்கறமேன்னு அன்னியோட விட்டுட்டேன். அது கதவுக்கிட்ட வந்து வந்து நிக்கும். நான் பார்க்காத மாதிரி உள்ள வந்துடுவேன்." அவள் மடியிலிருந்த துண்டை முறுக்கினாள். "கண்ணு போகும்னு தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேன்க்கா."

லட்சுமியம்மாளின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கெம்பம்மா பதறி எழுந்தாள். பார்த்தால் லட்சுமியம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீரும் வழிந்துகொண்டிருந்தது.

"நான் ஊரெல்லாம் பன்னீர் பன்னீர்னு பேசிட்டுத் திரியறேன். வளர்த்தது பூரா நீயா? அடிப்பாவி, நான் ஏதோ சொன்னேன்னு விட்டுட்டியே. இன்னும் கொஞ்ச நாள் திருட்டுத்தனம் பண்ணியிருக்கக் கூடாதா?"

கெம்பம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். தனக்கு வைத்த காப்பியில் இன்னொரு டம்ளர் ஊற்றி, கையில் வைத்துக்கொண்டு ஒரு நொடி தயங்கினாள். லட்சுமியம்மாள் கை நீட்டி வாங்கிக் குடித்தாள். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். அதையும் சொன்னாள்.

"எங்களைக் கறி திங்கறவங்கன்னு சொல்றாங்க," என்றாள் கெம்பம்மா காப்பியை ஆற்றிக்கொண்டே. "ஞாயித்துக்கிழமை ஒரு நேரம் கறி, நடுவுல எப்பவாச்சும் ஒரு முட்டை, கருவாடு. மிச்ச நாளெல்லாம் உங்க வீட்ல என்னவோ அதேதான். களியும் கொள்ளுக் குழம்பும். இப்படிப் பார்த்தா உங்க பூனைதான் எங்களைவிட அதிகமாக் கறி தின்னிருக்கு."

மறுநாளே மாதப்பன் கறிக்கடைக்குப் போனார். திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார். கடைக்காரர் தோல் உரிக்கணுமா வேண்டாமா, எலும்போடவா எலும்பில்லாமலா என்று கேட்டிருக்கிறார். இவருக்கு எதுவும் தெரியவில்லை. "பூனைக்குங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். கடைக்காரர் மட்டும் சிரிக்காமல், "எங்க வீட்லயும் ரெண்டு இருக்கு சார். தொடைக்கறியும் இதயமும் வாங்குங்க. ஈரல் எப்பவாச்சும் கொஞ்சம் போதும்," என்று தானே எடுத்துக் கொடுத்தாராம்.

சமைக்கும் முறையை டாக்டரிடம் கேட்டு லட்சுமியம்மாள் காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக் கொடுத்தாள். உப்பு கூடாது. காரம் கூடாது. வெங்காயம், பூண்டு கூடவே கூடாது, பூனைக்கு அது விஷம். வேகவைத்த தண்ணீரைக் கொட்டக் கூடாது, சத்தில் பாதி அதில்தான் இறங்கும். கெம்பம்மா படித்துப் பார்த்துவிட்டு, "வெங்காயம் போடாத கறியா? இதுக்கு உங்க வீட்டுச் சமையலே தேவலை," என்றாள். ஆனால் சொன்னபடியே செய்தாள். ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா தினமும் அந்தக் கதவிலிருந்து இந்தக் கதவுக்கு வந்தது.

முதல்நாள் டப்பாவைத் திறந்தபோது லட்சுமியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெள்ளி மூலையில் சுருண்டு கிடந்தது. வாசம் போனதும் காது நிமிர்ந்தது. எழுந்து, ஒரு நாற்காலியில் இடித்துக்கொண்டு, மூக்கை நீட்டியபடி நேராகக் கெம்பம்மாவின் காலடிக்கு வந்து சேர்ந்தது. வாலைத் தூக்கி அவள் புடவையில் உரசியது.

"மறக்கலை பாருங்க," என்றாள் கெம்பம்மா.

லட்சுமியம்மாளுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அன்றைக்கு ராத்திரி மாதப்பனிடம் அதைச் சொன்னபோது அவர், "உன் மடியிலதானே தூங்குது," என்று சமாதானம் சொன்னார்.

மருந்து, பொடி, கறி என்று தை போய் மாசியும் போனது. மாதப்பன் சொல்லிச் சொல்லி லட்சுமியம்மாளும் ரத்தம் கொடுத்துப் பார்த்தாள். பி ட்வெல்வ் இருக்க வேண்டியதில் பாதிக்கும் கீழே இருந்தது. கால் விரலெல்லாம் மரத்துப் போவது வயசுக் கோளாறு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஊசி போட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மற்றபடி இரும்பு, புரதம் எல்லாம் சரியாகவே இருந்தது. "கொள்ளும் கீரையும் வீண் போகலை," என்று அந்தக் காகிதத்தைக் கெம்பம்மாவிடம் காட்டினாள். காலையில் பெள்ளிக்குப் பொடி, இவளுக்கு மாத்திரை. இரண்டையும் நேரம் தவறாமல் எடுத்து வைப்பது மாதப்பன் வேலை ஆகிவிட்டது.

பங்குனியில் டாக்டர் ரஞ்சிதா மறுபடி ஸ்கேன் பண்ணினாள். வீக்கம் நன்றாக வடிந்திருந்தது. மருந்தைப் பாதியாகக் குறைத்தாள். கண் அதற்குமேல் கெடவில்லை, தேறவும் இல்லை. வெளிச்சம், நிழல் தெரியும், அவ்வளவுதான். அதனால் அந்த வீட்டில் நாற்காலி, மேஜை எதையும் இடம் மாற்றுவதில்லை. ஜெயப்ரியா மைசூரிலிருந்து வந்தபோது சோபாவை ஜன்னல் பக்கம் போடலாமே என்று சொன்னாள். மாதப்பன் தலையை ஆட்டினார். "அதுக்கு வழி மனப்பாடம்மா. மாத்தினா முட்டிக்கும்."

குழாயடியில் யாரோ பூனை இன்னும் சைவம்தானா என்று கேட்டார்கள். லட்சுமியம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "நாங்க சைவம், அது பூனை," என்றாள்.

சித்திரையில் கெம்பம்மாவின் ஊரில் மாரியம்மன் திருவிழா. நாலு நாள் வர மாட்டாள். போகிற நேரத்தில் அவள்தான் கவலைப்பட்டாள். "ஃபிரிட்ஜ்ல வெச்சுட்டுப் போறேன்க்கா, சாவி தரேன், சூடு மட்டும் பண்ணிக் குடுங்க." அது இரண்டு நாளைக்கு வந்தது. மூன்றாம் நாள் மாதப்பன் கறி வாங்கி வந்து, பையைப் பிடித்தபடி நடையிலேயே நின்றார். "நானே கெம்பம்மா வீட்ல வெச்சுப் பார்க்கட்டுமா?"

"நீங்க வெந்நீரையே தீய வெப்பீங்க," என்று லட்சுமியம்மாள் பையை வாங்கிக்கொண்டாள்.

துணி துவைக்கும் இடத்தில் பழைய ஒற்றை அடுப்பை வைத்தாள். அதற்கென்று புதிதாக ஒரு சட்டி வாங்கியிருந்தாள், யாருக்கும் சொல்லாமல். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, கெம்பம்மா வீட்டிலிருந்து எடுத்து வந்த காலண்டர் தாளைப் படித்துப் படித்து வேகவைத்தாள். கறியைக் கழுவும்போது சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டாள். கேட்டது மன்னிப்பா, துணையா என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. வெந்ததும் ஆறவைத்து, எலும்பு இல்லாமல் விரலால் பிய்த்து, தண்ணீரோடு தட்டில் போட்டாள்.

பெள்ளி தட்டைக் கண்டுபிடித்து வந்து தின்னத் தொடங்கியது. லட்சுமியம்மாள் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்திருந்தாள். மூக்கில் கட்டியதை எப்போது அவிழ்த்தாள் என்று அவளுக்கு ஞாபகமில்லை. பூனை தட்டை நக்கி முடித்துவிட்டு, அவள் விரலையும் ஒவ்வொன்றாக நக்கியது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மாதப்பன் எட்டிப் பார்த்தார். "நல்லா வெந்துச்சா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன வாயில வெச்சா பார்க்க முடியும்?" என்றாள் லட்சுமியம்மாள். "அது தட்டையே காலி பண்ணிடுச்சு. நாளைக்குக் கொஞ்சம் கூட வாங்கிட்டு வாங்க."